டிஜிட்டல் காம்பஸ் உள்ள டைவ் கம்ப்யூட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: ஸ்கூபா டைவிங்கில் ஓபன் வாட்டர் என்ற முதல் கோர்ஸை முடித்தாயிற்று, அடுத்து அட்வான்ஸ்ட் கோர்ஸ். பெரும்பாலும் புதுச்சேரியில் டைவ் செய்வீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை அந்தமான் போவீர்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டதால் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் வாங்கும்போது டிஜிட்டல் காம்பஸ் உள்ளதாகவே வாங்க வேண்டுமா, அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகுமா?

காம்பஸை வைத்துக் கம்ப்யூட்டரை முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். திரை, பேட்டரி, டெகோ கணக்கு (உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிட்டு எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்படி மேலே வரலாம் என்று சொல்வது) இந்த மூன்றும் உங்களுக்கு ஒத்துவரட்டும். அதற்குப் பிறகு காம்பஸும் இருந்து, அது ஒரே அழுத்தில் வந்து நிற்குமானால் தாராளமாக வாங்குங்கள். பட்டனை நாலு தடவை அழுத்தி மெனுவுக்குள் தேடிப் பிடிக்க வேண்டிய காம்பஸ் என்றால் வேண்டாம். காம்பஸ் இல்லாத நல்ல கம்ப்யூட்டர் ஒன்றும் தனியாக ஒரு முள் காம்பஸும் வாங்கிக்கொள்வது அதைவிட எவ்வளவோ மேல்.

விளம்பரத்தில் துல்லியத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காம்பஸ் 2 டிகிரி பிசகிக் காட்டுகிறது என்று வையுங்கள். அதை நம்பி 150 மீட்டர் நீந்தினால், சேரவேண்டிய இடத்துக்குச் சுமார் 5 மீட்டர் தள்ளிப் போய்ச் சேர்வீர்கள். இப்போது காம்பஸ் கொஞ்சமும் பிசகவில்லை, ஆனால் பக்கவாட்டில் நீரோட்டம் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் நிமிஷத்துக்கு 15 மீட்டர் கிழக்கே நீந்துகிறீர்கள். ஓட்டம் நிமிஷத்துக்கு 5 மீட்டர் வடக்கே தள்ளுகிறது. இது பெரிய ஓட்டமே இல்லை, கால் நாட் (knot) வேகம்கூட வராது. பத்து நிமிஷத்தில் கிழக்கே 150 மீட்டர் போயிருப்பீர்கள், வடக்கே 50 மீட்டர் ஒதுங்கியிருப்பீர்கள். கோணத்தில் 18 டிகிரிக்கு மேல். அந்தப் பத்து நிமிஷமும் திரையில் 90 என்றுதான் இருந்திருக்கும். உங்கள் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டுமே காம்பஸுக்குத் தெரியும். உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று அதற்குத் தெரியாது.

சோழமண்டலக் கரையில் இது ஏட்டுக் கணக்கு இல்லை. இங்கே நீரோட்டம் பெரும்பாலும் கரையை ஒட்டியே ஓடும். பருவக்காற்றோடு திசை மாறும். கோடையில் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே இழுக்கும். நீங்கள் பாரிலிருந்து (கடலடிப் பாறைத்திட்டு) கடல் பக்கமாகவோ கரைப் பக்கமாகவோ நீந்தும்போதெல்லாம் ஓட்டம் குறுக்கேதான் வரும். தண்ணீர் கலங்கி ஐந்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாளில் 50 மீட்டர் ஒதுங்கினால் ஆங்கர் கயிற்றைக் கண்ணால் பார்க்கவே முடியாது. முதலில் ஓட்டத்தை எதிர்த்துப் போய்விட்டு, திரும்பும்போது அதோடு வருவது என்று டைவ் மாஸ்டர் திட்டம் போடுவது இதனால்தான். ஆகவே ஒரு டிகிரி துல்லியம், அரை டிகிரி துல்லியம் என்று ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அந்த வித்தியாசத்தை உங்கள் துடுப்புக் காலே விழுங்கிவிடும்.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஜிபிஎஸ் உள்ள டைவ் வாட்ச் தண்ணீருக்கடியில் வழிகாட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரேடியோ அலை கடல்நீரில் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இறங்கிய இடத்தையும் ஏறிய இடத்தையும் மேற்பரப்பில் குறித்துவைக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் டிஜிட்டல் காம்பஸால் என்ன பயன்? இரண்டு இடத்தில் உண்மையான பயன் உண்டு. ஒன்று, வெளிச்சம். கலங்கல் தண்ணீரிலும் இரவு டைவிலும் முள்ளைத் தேடிக் கண்ணைச் சுருக்க வேண்டாம். எண் தானே ஒளிரும். இரண்டாவது, திசையை நினைவில் வைப்பது. ஒரு அழுத்தில் 70 என்று குறித்துக்கொண்டால், விலகும்போது இந்தப் பக்கம் திரும்பு என்று அம்பு காட்டும். திரும்பி வர வேண்டிய 250-ஐயும் அதுவே காட்டும். 180-ஐக் கூட்டுவதா கழிப்பதா என்பது கரையில் சின்னக் கணக்கு. முப்பது மீட்டரில், நைட்ரஜன் மயக்கம் லேசாகத் தொட்டிருக்கும்போது, பக்கத்தில் பட்டி (buddy, கூட டைவ் செய்பவர்) காற்று எவ்வளவு என்று சைகையில் கேட்டுக்கொண்டிருக்கும்போது அது சின்னக் கணக்கு இல்லை. கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால் இதற்காகக் கொடுக்கலாம்.

அடுத்து, சாய்வு. ‘டில்ட் காம்பன்சேஷன்’, ‘3டி காம்பஸ்’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். உள்ளே மூன்று அச்சிலும் காந்தப்புலத்தை அளக்கும் உணரி ஒன்று, கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கும் முடுக்கமானி ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் திசையைச் சொல்கிறது. ஐரோப்பிய டைவர்கள் இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்றால், அங்கே பூமியின் காந்தப்புலம் செங்குத்தை நெருங்கும் சரிவில் தரைக்குள் இறங்குகிறது. தென் இங்கிலாந்தில் அந்த இறக்கம் 66 டிகிரியை ஒட்டி இருக்கும். சாய்வைச் சரிக்கட்டாத காம்பஸை அங்கே 10 டிகிரி சாய்த்தால், சாய்க்கும் பக்கத்தைப் பொறுத்து, காட்டும் திசை 20 டிகிரிக்கு மேல்கூடப் பிசகும்.

நம் பக்கம் கதையே வேறு. காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1960-களின் தொடக்கத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்குத் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். புதுச்சேரியிலும் அந்தமானிலும் அந்த இறக்கம் 10 டிகிரிக்கும் குறைவு. அதே 10 டிகிரி சாய்வுக்கு இங்கே வரும் பிசகு ஓரிரண்டு டிகிரி. புலத்தின் வலிமை ஏறக்குறைய முழுவதும் கிடைமட்டமாகவே இருப்பதால் காம்பஸ் எந்த வகையானாலும் திடமாக நிற்கும். உங்கள் கடலுக்கு, ‘சாய்வுத் திருத்தத்தில் இது அதைவிடச் சிறந்தது’ என்று வடக்கே எழுதப்பட்ட விமர்சனங்கள் அநேகமாகப் பொருந்தாது. நார்வேக்கோ ஸ்காட்லாந்துக்கோ டைவ் செய்யப் போகிறீர்கள் என்றால் அப்போது யோசிக்கலாம்.

முள் காம்பஸில் இதே விஷயம் தலைகீழாக வரும். வட அரைக்கோளத்துக்கு என்று செய்யும் காம்பஸில், வடமுனை கீழே இறங்காமல் இருக்க முள்ளின் தென்பக்கத்தில் எடை கூட்டியிருப்பார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் தென்பக்கம் கொஞ்சம் தாழும். வேலை செய்யும், ஆனால் சாய்வைப் பொறுக்கும் அளவு குறையும். கடையில் கையில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். தட்டு எங்கும் உரசாமல் சுழன்றால் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் காம்பஸையும் கெடுப்பது சாய்வைவிடப் பக்கத்தில் இருக்கும் காந்தம்தான். நம் ஊர்களில் பெரும்பாலும் அலுமினியச் சிலிண்டர், அதனால் பிரச்சினை இல்லை. கையில் பிடிக்கும் டார்ச்தான் ஆபத்து. பல டைவ் டார்ச்சுகளில் சுவிட்சுக்குள் காந்தம் இருக்கிறது. தண்ணீர் புகாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். இரவு டைவில் வலது கையில் டார்ச், இடது கையில் கம்ப்யூட்டர், இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில். வாங்கும் அன்றே கம்ப்யூட்டரை மேஜையில் வைத்து, திசையைப் பார்த்துக்கொண்டே டார்ச்சை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எண் எப்போது நகரத் தொடங்குகிறதோ அதுதான் நீங்கள் விடவேண்டிய இடைவெளி. முள் காம்பஸும் ஒரு காந்தம்தான் என்பதை மறந்துவிட்டு இரண்டையும் ஒரே மணிக்கட்டில் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. இரும்புக் கப்பலின் உடலை ஒட்டிப் போகும்போது எந்தக் காம்பஸையும் நம்ப வேண்டாம். மட்டக்களப்புக்கு வெளியே 1942-ல் மூழ்கிய ஹெர்மஸ் போர்க்கப்பல் மாதிரி இடங்களில் (அது 50 மீட்டருக்குக் கீழே, இப்போதைக்கு உங்களுக்கு இல்லை) வழி தெரிவது கப்பலின் அமைப்பை வைத்துத்தான்.

அளவுதிருத்தம் டிஜிட்டலுக்கு மட்டுமே உள்ள வேலை. சில நொடிகளுக்குக் கம்ப்யூட்டரை எல்லாத் திசையிலும் புரட்டிப் புரட்டிச் சுழற்ற வேண்டும். இதைப் படகில், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது செய்யாமல் இருப்பதைவிட மோசம். கடற்கரை மணலில், இரும்பில்லாத இடத்தில் நின்று செய்யுங்கள், போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டு. பேட்டரியை நாமே மாற்றும் மாடல் என்றால், ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் மறுபடி செய்ய வேண்டும். ஒவ்வொரு பேட்டரிக்கும் அதனதன் காந்தச் சாயல் உண்டு. சார்ஜ் செய்யும் மாடலில் இந்தத் தொல்லை குறைவு.

இனி உங்கள் கண். உண்மையில் நான் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது. வாட்ச் வடிவக் கம்ப்யூட்டர்கள் அழகானவை, ஆபீசுக்கும் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் ஷியர்வாட்டர் டெரிக்கின் திரை 1.39 அங்குலம், அதே கம்பெனியின் பெர்டிக்ஸ் 2, பெரெக்ரின் இரண்டிலும் 2.2 அங்குலம். காம்பஸ் பக்கத்தைத் திறந்ததும் அந்தச் சிறிய வட்டத்துக்குள் ஆழம், நோ டெகோ நேரம் (வழியில் நிறுத்தம் போடாமல் மேலே வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது), திசை, அம்பு எல்லாம் நெருக்கியடித்து உட்காரும். இளவயதுக்காரர்களுக்கு அது பொருட்டில்லை. உங்களுக்கு நான் பெரிய திரையைத்தான் சொல்வேன். மாஸ்க்கின் அடிப்பாகத்தில் ஒட்டும் சின்ன ரீடிங் லென்ஸும் கிடைக்கிறது. அதைப் போட்டால் சிறிய திரையும் படிக்க முடியும் என்பது உண்மைதான், ஆனால் கம்ப்யூட்டரைச் சரியாக அந்தக் கீழ்விளிம்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும். காம்பஸ் பார்க்கும்போது கையை அப்படித் தாழ்த்திப் பிடித்தால் திசை கோணும்.

ஏன் கோணும் என்றால், காம்பஸ் உடம்பின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத கையை நேரே முன்னால் நீட்டி, கம்ப்யூட்டர் கட்டிய கையை மடக்கி, நீட்டிய கையின் முழங்கையைப் பிடித்துக்கொள்வது வழக்கமான முறை. அப்போது திரையின் மேல்விளிம்பு நீங்கள் போகும் பக்கம் பார்க்கும். கம்ப்யூட்டர் மணிக்கட்டில் சற்றே வழுகித் திரும்பியிருந்தாலும் அது 10, 15 டிகிரி வித்தியாசம். எந்த விலையுயர்ந்த உணரியாலும் இதைத் திருத்த முடியாது. இதனால்தான் பட்டை எனக்கு முக்கியம். ரப்பர் ஸ்ட்ராப்பைவிட, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டுவது நகராது. ஆழத்தில் வெட்சூட் அமுங்கும்போதும் தளராது.

கடையில் கையில் வாங்கியதும் டைவ் மோடில் போட்டுப் பாருங்கள். முக்கியத் திரையிலிருந்து காம்பஸுக்கு எத்தனை அழுத்து? காம்பஸ் பக்கத்தில் ஆழமும் நோ டெகோ நேரமும் கூடவே தெரிகின்றனவா? அவை மறைகிறது என்றால் அந்த மாடலை வைத்துவிடுங்கள், அதற்கு மேல் பேச்சில்லை. திசையைப் பார்த்துக்கொண்டே ஆழம் தெரியாமல் கீழே போய்விடுவது கலங்கல் தண்ணீரில் சுலபமாக நடக்கும். சில மாடல்களில் காம்பஸ் பக்கம் கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிறகு சட்டென்று கால்வட்டம் திரும்பிப் பாருங்கள். எண் உடனே வந்து நிற்கிறதா, தள்ளாடுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெர்டிக்ஸ் வகையில் மேலே ஆழமும் நேரமும் அப்படியே நிற்க, கீழே மட்டும் காம்பஸ் வரும். குறித்த திசை பச்சையில், திரும்பும் திசை சிவப்பில். நான் பார்த்த அமைப்புகளில் இதுதான் யோசிக்கவே வைக்காதது.

டெகோ கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பூல்மான் உருவாக்கிய 16 திசு மாதிரியை, கிரேடியன்ட் ஃபேக்டர் என்ற இரண்டு எண்களால் இறுக்கவோ தளர்த்தவோ விடும் கம்ப்யூட்டர்கள் இப்போது பெருகிவிட்டன. ஷியர்வாட்டரில் நடுத்தர அமைப்பு 40/85. என்ன செய்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிவதால் எனக்கு இதுதான் பிடிக்கும். சூன்டோவும் மாரெஸும் நெடுங்காலம் ஆர்ஜிபிஎம் என்ற வேறொரு டெகோ கணக்கு முறையை வைத்திருந்தன. அந்தமானில் ஒரே நாளில் மூன்று டைவ் போடும்போது அவற்றில் சில சற்று முன்னதாகவே மேலே வரச் சொல்லும். பாதுகாப்பில் குறை ஒன்றும் இல்லை. கூட வருபவர்களின் கம்ப்யூட்டர் அனுமதிக்கிற நேரத்தில் உங்களுடையது முறைக்கும், அவ்வளவுதான். நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) வசதி இன்று எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைச் சிறப்பம்சமாக யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

பேட்டரியில் என் சார்பு வெளிப்படையானது. தீவில் மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில், பெட்டிக்கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரியில் ஓடும் பெர்டிக்ஸ் 2 நிம்மதி தரும். சார்ஜ் செய்பவற்றில், பெரெக்ரின் மாதிரி வயர்லெஸ் மேடையில் வைத்தாலே ஏறுவது நல்லது. உப்புத்தண்ணீர் பட்ட உலோக முனையில் சார்ஜர் கிளிப்பை மாட்டும் வகை வருஷக்கணக்கில் தொந்தரவு தரும்.

மாடல்களுக்கு வருவோம். பெயரில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: 2020-ல் வந்த சாதாரணப் பெரெக்ரினில் காம்பஸ் கிடையாது. பிறகு வந்த பெரெக்ரின் டிஎக்ஸில்தான் காம்பஸும், சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் வசதியும் சேர்ந்தன. சூன்டோ ஜூப் நோவோ, மாரெஸ் பக் ப்ரோ, கிரெஸி லியோனார்டோ ஆகிய தொடக்கநிலைக் கம்ப்யூட்டர்கள் எதிலும் காம்பஸ் இல்லை. மற்றபடி மூன்றும் பெரிய எண்கள் உள்ள, அடிவாங்கினாலும் தாங்குகிற சாமான்கள். வாட்ச் வடிவில் சூன்டோ டி5, டெரிக், கார்மின் டிசென்ட் வரிசை ஆகியவற்றில் காம்பஸ் உண்டு. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவை வைத்தே சமாளிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 40 மீட்டர் வரை, டைவ் கம்ப்யூட்டராக்கும் செயலி போட்டால், செய்யலாம். ஆனால் அன்றாடம் நூறு வேலை செய்யும் பேட்டரியை என் நோ டெகோ நேரத்துக்கு நான் நம்புவதில்லை. உதிரியாக வேண்டுமானால் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், பணம் தடையில்லை என்றால் பெரெக்ரின் டிஎக்ஸ். அழுத்தம் காட்டும் டிரான்ஸ்மிட்டரை இப்போது வாங்க வேண்டாம், அது தனி விலை; சாதாரண அழுத்தக் கேஜ் போதும். பட்ஜெட் இறுக்கம் என்றால் காம்பஸ் இல்லாத மூன்றில் ஒன்றும் சூன்டோ எஸ்கே-7 மாதிரி ஒரு முள் காம்பஸும். அதன் பக்கவாட்டு ஜன்னல் வழியாகவும் எண்ணைப் படிக்கலாம். பேட்டரி வேண்டாம், அளவுதிருத்தம் வேண்டாம். கம்ப்யூட்டர் கட்டாத கையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை) ரிட்ராக்டரில் (இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் கயிறு) தொங்கவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து யாரிடமாவது சொல்லி வாங்கும் முன், இங்கே வாரன்டி செல்லுமா, சீல் மாற்றி அழுத்தச் சோதனை செய்ய யார் இருக்கிறார்கள் என்று உங்கள் டைவ் சென்டரில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், பழுதுக்குத் திருப்பி அனுப்ப நேரும்போது விலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு கூரியரில் போய்விடும்.

வாங்குவதாக இருந்தால் அட்வான்ஸ்ட் கோர்ஸுக்கு முன்பே வாங்குங்கள். பேடி (PADI) என்ற டைவ் பயிற்சி அமைப்பின் முறையில் ஆழ டைவும் திசையறியும் டைவும் கட்டாயம். திசையறியும் டைவில் 30 மீட்டருக்கு எத்தனை கிக் என்று எண்ணவும், காம்பஸை வைத்துச் சதுரமாக நீந்தித் தொடங்கிய இடத்துக்கே வரவும் சொல்வார்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் அந்தச் சதுரத்தைப் போட்டால், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்திலேயே இருக்கும்போது பட்டன்கள் கைக்குப் பழகிவிடும். அதற்குள் முடிவெடுக்க முடியவில்லை என்றால் சென்டரில் இருக்கிற மாடலை வாடகைக்குக் கேளுங்கள், கூடவே ஒரு முள் காம்பஸும். ஒரு சதுரத்தை இதிலும் இன்னொன்றை அதிலும் போட்டுப் பாருங்கள்.